கோத்தகிரியில் நான்கு நாள்: பஸ்ஸில் ஏறி, காட்டில் நடந்து

முதல் நாள், செவ்வாய்

நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிட்டபோது இன்னும் சரியாக வெளிச்சம் வரவில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் மலை ரயிலைப் பிடிக்க ஓடினார்கள். மீதிப்பேரைக் கார்காரர்கள் வாசலிலேயே மடக்கிக்கொண்டார்கள். அக்காவும் நானும் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தோம்.

இந்தப் பயணத்துக்கு நாங்கள் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான். கார் கிடையாது, ஆட்டோ கிடையாது. பஸ் எங்கே இறக்கிவிடுகிறதோ அங்கிருந்து கால். அக்காவுக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர், முப்பது வருஷமும் பஸ்ஸில் போனவர். ஓய்வு பெற்ற பிறகு ஊர் சுற்ற மட்டும் கார் எதற்கு என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், உயர் நீதிமன்ற உத்தரவு. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த வேலையே இல்லை.

ஊரைத் தாண்டியதும் பவானி ஆற்றுப் பாலம். அதைக் கடந்தால் இடப்பக்கம் குன்னூர் சாலை, வலப்பக்கம் கோத்தகிரி சாலை. முப்பத்து மூன்று கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் கிட்டத்தட்ட ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஏறுகிறது பஸ். குஞ்சப்பனை வரைக்கும் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம். அப்புறம் எங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு பாட்டி எழுந்துவந்து, எதுவும் கேட்காமல், எங்கள் ஜன்னலைக் கீழே இறக்கிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் செய்தது சரி என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

நாங்கள் வந்தது டிசம்பர் தொடக்கம். நீலகிரியின் மேற்குப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை என்றால், கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகையில்தான் மழை. அதனால் தேயிலைச் செடியெல்லாம் குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் நிற்பது போல இருந்தது. பேருந்து நிலையத்தில் டீயும் வர்க்கியும். வர்க்கியை டீயில் எவ்வளவு நேரம் முக்குவது என்பதில் எனக்கும் அக்காவுக்கும் பழைய தகராறு. என்னுடையது உள்ளேயே விழுந்துவிட்டது.

மதியம் கண்ணேரிமுக்குக்கு நடந்தோம். பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். 1819-இல் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் கட்டிய வீடு அங்கே இருக்கிறது. ஊட்டிக்குப் போவதற்கு முன்னால் அவர் குடியேறிய இடம் இதுதான். இடிந்து கிடந்ததைச் சீர்செய்து இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பழைய படங்களைப் பார்த்தோம். எனக்கு வீட்டைவிட அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் பிடித்தது. காற்றுக்கு மறைவு, கண்ணுக்குத் திறப்பு. இடம் பார்க்கத் தெரிந்த ஆள்.

திரும்பும்போது ஏற்றம். அக்காவின் முழங்கால் ஏற்றத்தில் பேசாது, இறக்கத்தில்தான் பேசும். என் மூச்சு நேர்மாறு. சரி, இருவரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் வருவார்.

மாலையில் பேருந்து நிலையத்தில் நாளைக்கும் மறுநாளைக்கும் பஸ் நேரம் விசாரித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அப்போது ஓரமாக நின்ற ஒரு பஸ்ஸில் 'தெங்குமரஹாடா' என்று போர்டு. அரிசி மூட்டை, பிளாஸ்டிக் குடம், ஒரு சுருட்டிய பாய் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. "இது எங்கடா இருக்கு, பேரே பாட்டு மாதிரி இருக்கே?" என்றார் அக்கா. மறுநாளைக்கு மறுநாள் காட்டுகிறேன் என்றேன்.

இரண்டாம் நாள், புதன்

லாங்வுட் சோலை. பேருந்து நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர்தான், அதனால் காலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே போய்விட்டோம். உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் காட்டுப் பாதைகளுக்கு விதிகள் கடுமையாகிவிட்டன. நல்லதுதான். இப்போது வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 2024 அக்டோபரில் நாற்பது பாதைகளைத் திறந்திருக்கிறது. இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம், வழிகாட்டி ஒருவர் கூட வருவார். எங்களுக்கு வந்தவர் பக்கத்து ஊர்த் தம்பி, முப்பது வயதுக்குள் இருக்கும். பேச்சு குறைவு, காது அதிகம்.

வெளியே வெயில். வேலியைத் தாண்டிப் பத்தடி உள்ளே போனதும் யாரோ விளக்கை அணைத்தது போல ஆகிவிட்டது. இத்தனைக்கும் இந்தச் சோலை மொத்தமே 116 ஹெக்டேர். சுற்றிலும் தேயிலைத் தோட்டம், வீடுகள், சீகை மரம், கற்பூர மரம். (வெளியூர்க்காரர்களுக்கு: இங்கே சீகை என்றால் வாட்டில், கற்பூர மரம் என்றால் யூகலிப்டஸ். இரண்டும் வெள்ளைக்காரர்கள் விறகுக்கும் மற்றதுக்கும் கொண்டுவந்து நட்டவை.) அதற்கு நடுவே இது மட்டும் எப்படியோ தப்பி நிற்கிறது. 2024 ஜனவரியில் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ராம்சர் என்றால் ஏரி, சதுப்பு நிலம் என்றுதானே நினைப்போம்? மலை மேல் இருக்கும் காட்டை எப்படி ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள் என்று எனக்கு வரும்போதே கேள்வி இருந்தது.

அதற்கு அந்தத் தம்பி வாயால் பதில் சொல்லவில்லை. பாதையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு மரத்தின் அடியில் பாசியைக் காட்டி, "கைய வைங்கண்ணா" என்றார். வைத்தேன். உள்ளங்கை அளவு பாசி, அழுத்தியதும் விரலிடுக்கில் தண்ணீர் வந்தது. மழை பெய்து மூன்று நாள் ஆகியிருந்தது. பக்கத்தில் இலைச்சருகை விலக்கினார். மேலே காய்ந்த இலை, அதன் கீழ் பழுப்பில் நனைந்த இலை, அதற்கும் கீழ் இலை என்ற உருவமே போய்க் கருப்பான ஒன்று, காபித்தூள் போல. அதையும் அழுத்தினால் ஈரம். ஒரு முழம் ஆழத்துக்கு இதே கதை. மரத்துக்கு மரம், கிளைக்குக் கிளை பாசி. மழையை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு, வெயில் காலம் முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் கீழே இருக்கும் ஊர்களுக்கு விடுகிறது. அக்கா கேட்டார், "அப்போ இது தண்ணித் தொட்டியா தம்பி?" அவர் சிரித்துக்கொண்டே, "எங்க ஊர்க் குழாய்ல வர்றது இதுதாம்மா" என்றார்.

பறவைகளைப் பார்ப்பதற்கு எங்களுக்குப் பொறுமை போதவில்லை, ஆனால் கேட்டோம். நீலகிரி சிரிப்பான் என்ற பறவை. பெயருக்கேற்ற மாதிரி ஒன்று தொடங்கினால் சுற்றியுள்ளவை எல்லாம் சேர்ந்துகொண்டு விழுந்து விழுந்து சிரிக்கின்றன. நீலகிரியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை, அழியும் நிலையில் இருக்கிறது. அது தெரியாமல்தான் சிரிக்கிறதோ என்னவோ. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியவை என்று சொல்லப்படும் 26 பறவை இனங்களில் 14 இந்த 116 ஹெக்டேருக்குள் இருக்கின்றன.

அட்டைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏழு, அக்காவுக்கு ஒன்றுகூட இல்லை. பேன்ட்டை காலுறைக்குள் செருகிக்கொள்ளச் சொன்னபோது கேட்டவர் அவர், கேட்காதவன் நான். அட்டை ஏறும்போது தெரியவே தெரியாது. வெளியே வந்து ஷூவைக் கழற்றிய பிறகுதான், காலுறையில் நனைந்த குங்குமம் மாதிரி. உப்பு வைத்ததும் சுருண்டு விழுந்தன. ரத்தம் நிற்கத்தான் நேரமானது.

திரும்பி வரும்போதும் நடைதான். இன்று எந்தப் பஸ்ஸிலும் ஏறவில்லை.

மூன்றாம் நாள், வியாழன்

கொடநாடு. பெயரைச் சொன்னாலே செய்தித்தாள்தான் ஞாபகம் வருகிறது என்று அக்கா சொன்னார். உண்மைதான். ஆனால் எஸ்டேட்டையும் வழக்கையும் தாண்டி, கொடநாடு என்றால் மலை முடிகிற இடம்.

பஸ்ஸில் அக்காவுக்குக் காசில்லா டிக்கெட். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-இல் வந்தபோது மலைப் பகுதிகளுக்கு இல்லை, 2024-இல்தான் இங்கேயும் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு மட்டும் ஒன்னா சார்?" என்றார். அக்கா அந்தத் தாளைப் பர்ஸில் பத்திரப்படுத்திக்கொண்டார். பக்கத்தில் தேயிலை பறிக்கப் போகிற பெண்கள் நால்வர், தலைக்குக் கம்பளித் துணி, இடுப்பைச் சுற்றி மடித்த பிளாஸ்டிக் சாக்கு. ஈளாடா தாண்டியதும் ஒவ்வொருவராக இறங்கிப் பச்சைக்குள் மறைந்துபோனார்கள்.

காட்சிமுனையில் போய் நின்றால் ஒன்றுமே இல்லை. முழு வெள்ளை. கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் உலகத்தைச் சுண்ணாம்பு அடித்து மூடிவிட்டார்கள். காரில் வந்த இரண்டு குடும்பம் பத்து நிமிடம் நின்று, வெள்ளைக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிப்போனது. எங்களுக்கு அடுத்த பஸ் வர நேரம் இருந்தது, போக்கிடமும் இல்லை. கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த இட்லியைப் பிரித்தோம்.

முக்கால் மணி நேரம் கழித்து வெள்ளையில் ஓர் ஓட்டை விழுந்தது. அதன் வழியே மிகக் கீழே, நான் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் கீழே, ஒரு பழுப்புக் கோடு. மாயாறு. ஓட்டை பெரிதாகிக்கொண்டே போய்ப் பள்ளத்தாக்கு முழுசும் திறந்துகொண்டது. ஒரு பக்கம் ரங்கசாமி மலை, அதன் பக்கத்தில் தனியாகக் குத்திட்டு நிற்கும் தூண் பாறை. நடுவே ஆறு, இரண்டு கரையிலும் காடு. தொலைவில் தகடு மாதிரி மின்னியது பவானிசாகர் அணையின் நீர். காட்டுக்கு நடுவில், யாரோ பாய் விரித்தது போல ஒரு சதுரப் பச்சை, வயல்.

"அதோ உன் பாட்டு" என்று காட்டினேன். தெங்குமரஹாடா.

1940-களின் கடைசியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் காட்டுக்குள் விவசாயம் செய்யப் போனவர்களின் ஊர். நிர்வாகத்துக்கு நீலகிரி மாவட்டம், கோத்தகிரி தாலுகா. ஆனால் மலையிலிருந்து நேராக இறங்கச் சாலை கிடையாது. நாங்கள் முந்தாநாள் பார்த்த பஸ் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, பவானிசாகர் சுற்றி, சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் காட்டுப் பாதையில் போய் மாயாற்றங்கரையில் நிற்கும். அதற்குப் பிறகு பரிசல். பறவைக்குப் பத்து நிமிட வேலை, பஸ்ஸுக்குக் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். காடு என்பதால் வெளியாட்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது, நாங்கள் வாங்கவில்லை. அதனால் மேலிருந்து பார்ப்பதோடு சரி.

கொஞ்ச நேரத்தில் எங்கள் கண் மட்டத்துக்குக் கீழே பெரிய இறக்கையோடு ஒன்று வட்டமடித்தது. மேலிருந்து பார்த்ததால் முதுகில் வெள்ளைப் பட்டை தெளிவாகத் தெரிந்தது. பாறு. தென்னிந்தியாவில் பாறுக் கழுகுகள் இன்னும் கூடு கட்டுகிற மிகச் சில இடங்களில் இந்தப் பள்ளத்தாக்கு முக்கியமானது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுவிட்டது. 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். அக்கா வாய்க்குள் "எருவை" என்றார். சங்கப் பாட்டில் கழுகுக்கு வரும் சொல். "முப்பது வருஷம் பதவுரை எழுதிப் போட்டேன், இப்பத்தான்டா பாக்கறேன்" என்றார். அதன் பிறகு அது கண்ணுக்கு மறையும்வரை அவர் எதுவும் பேசவில்லை.

திரும்பும்போதுதான் கூத்து. கார் வைத்திருப்பவர் எங்கே நடந்தாலும் காருக்கே திரும்பி வரவேண்டும். பஸ்காரனுக்கு அந்தக் கட்டு இல்லை, நடந்துகொண்டே போய் வழியில் எந்த நிறுத்தத்திலும் ஏறிக்கொள்ளலாம். பயணம் முழுக்க அக்காவிடம் நான் அளந்துகொண்டிருந்த தத்துவம் இது. அதன்படி கொடநாட்டிலிருந்து கோத்தகிரி பக்கமாகச் சாலையோரம் நடக்கத் தொடங்கினோம். தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக் மரம், ஆங்காங்கே பள்ளத்தில் மிச்சமிருக்கும் சோலைத் துண்டு. நல்ல நடை.

ஒரு வளைவில் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். தேயிலைக்கு நடுவே ஒரு கரும்பாறை. பாறை தலையைத் தூக்கிப் பார்த்தது. காட்டுமாடு. காட்டெருமை என்று புத்தகத்தில் போடுவார்கள், இங்கே காட்டுமாடு. முழங்கால் வரை வெள்ளை, பள்ளிக்கூடச் சாக்ஸ் போட்ட மாதிரி. அதற்குப் பின்னால் இன்னும் மூன்று, ஒரு கன்று. இருபதடி தூரம் இருக்கலாம், பயத்தில் அளந்தது. சத்தம் போடாமல் பின்னால் நகர்ந்து, வந்த வழியே வளைவு வரை போய் நின்றோம். அவை சாலைக்கு வந்தன. கடந்து போகவில்லை. சாலையிலேயே நின்றன. கன்று ஒரு முறை பால் குடித்தது. எங்கள் பஸ் போகிற சத்தம் எப்போது கேட்டது தெரியுமா? நாங்கள் ஏற வேண்டிய நிறுத்தத்துக்கு அந்தப் பக்கத்தில். தாளை எடுத்துப் பார்த்தால் நேரத்தை நான்தான் தப்பாக எழுதியிருக்கிறேன், நாலரையை ஐந்தரை என்று. அது வேறொரு வழியாக வந்து எங்களுக்கு முன்னாலேயே பிரதான சாலையில் ஏறிவிட்டது போல.

நிறுத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். குளிர் கல்லிலிருந்து எலும்புக்கு ஏறியது. வேலை முடிந்து வந்த ஒரு அம்மா, நடந்ததைக் கேட்டுவிட்டு, "நின்னீங்கல்ல, அதான் சரி. அது ரோடு, அதுக்கும் சேத்துப் போட்டதுதான்" என்றார். அடுத்த பஸ்ஸின் விளக்கு மூடுபனியில் மஞ்சளாகத் தெரிந்தபோது அக்கா சொன்னார், "உன் தத்துவத்துல நேரத்தையும் சேத்துக்கோ."

நான்காம் நாள், வெள்ளி

இன்று இறங்குகிறோம். ஆனால் ஒரே மூச்சில் இல்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் வழியிலேயே அரவேணு இருக்கிறது. அங்கே இறங்கி, தேயிலைத் தோட்டங்களின் வழியே கேத்தரின் அருவியைப் பார்க்க நடந்தோம். பைகள் முதுகில். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டில் தடை, அதனால் எவர்சில்வர் பாட்டில்தான், அதன் கனம் நான்காம் நாளில்தான் தெரிகிறது.

இரண்டு தட்டாக விழும் அருவி, 250 அடி. இங்கே காபி பயிரிட்ட காக்பர்ன் என்ற வெள்ளைக்காரரின் மனைவி பெயர் இதற்கு. அதற்கு முன்னால் இங்கிருந்தவர்கள் வைத்திருந்த பெயர் கெத்தெஹாட ஹள்ளா. கார்த்திகை மழையில் தண்ணீர் நிறைய. முதல் தட்டில் பஞ்சாக விழுந்து, இரண்டாவதில் புகையாகிக் காட்டுக்குள் போய்விடுகிறது. அந்தத் தண்ணீர் கல்லாறாகி, மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் சேர்ந்து, பவானிசாகரில் போய் நேற்று பார்த்த மாயாற்றைச் சந்திக்கும். பாலத்தில் நாங்கள் கடந்ததும் இதுதான்.

அரவேணு நிறுத்தத்துக்குத் திரும்பி, மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு நின்றோம். இந்த முறை நேரத்தை அக்கா எழுதியிருந்தார். வளைவில் ஒரு பஸ் வந்தது. நான் போர்டைப் படிப்பதற்குள் அக்கா கையைக் காட்டிவிட்டார்.

தெங்குமரஹாடா.

"மேட்டுப்பாளையம் போகுமா?" என்று கேட்டோம். "அது வழியாத்தான் போகணும், ஏறுங்க" என்றார் கண்டக்டர். உள்ளே மூட்டைகளுக்கு நடுவே இரண்டு இடம் கிடைத்தது. என் பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல். தாலுகா ஆபீஸ் போய்வருகிறார். ஒரு சான்றிதழுக்கு முந்தாநாள் கிளம்பியவர், சொந்தக்காரர் வீட்டில் தங்கி, இன்று திரும்புகிறார். நேற்று கொடநாட்டிலிருந்து உங்கள் ஊரைப் பார்த்தோம் என்றேன். "நாங்களும் கீழ இருந்து பாப்போம். ராத்திரி மேல விளக்கு தெரியும்" என்றார்.

ஆற்றில் தண்ணீர் எப்படி என்று அக்கா கேட்டார். மழை விட்டுவிட்டதால் பரிசல் ஓடும், வெள்ளம் வந்தால் கரையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், ஒரு தடவை ராத்திரி முழுக்க இருந்தோம், அந்தப் பக்கம் யானை இந்தப் பக்கம் நாங்கள் என்றார். ஊரைக் காட்டுக்கு வெளியே கொண்டுவரக் குடும்பத்துக்குப் பதினைந்து லட்சம் ரூபாய் என்று நீதிமன்றம் சொன்னதைப் பற்றிக் கேட்டேன். ஃபைலை ஒருமுறை திறந்து, தாள் இருக்கிறதா என்று பார்த்து மூடினார். "சொல்றாங்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

குஞ்சப்பனை தாண்டியதும் வெக்கை வந்தது. இந்த முறை ஜன்னலை அக்கா திறந்தார். பவானிப் பாலத்தில் பஸ் கொஞ்சம் நின்று நகர்ந்தது, கீழே ஆறு கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. மேட்டுப்பாளையத்தில் நாங்கள் இறங்க, எங்கள் இடத்தில் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். பெரியவர் ஜன்னல் வழியே அக்காவின் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், இருக்கையிலேயே விட்டுவிட்டிருந்தோம்.

ரயிலுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது. அக்கா நடைமேடையில் உட்கார்ந்து, தெங்குமரஹாடா போக வனத்துறை அனுமதிக்கு யாரிடம் எழுத வேண்டும் என்று என் போனில் தேடிக்கொண்டிருக்கிறார். பேட்டரி பதினொரு சதவீதம்.